பாலத்தின் நடுவே ஒரு திரை

பத்தாயிரம் பேரை அழவைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். கோபப்படவைக்க அதுகூட வேண்டாம். சிரிக்கவைப்பதுதான் கஷ்டம், ஆனால் அதைச் செய்யச் சொல்லி அரசாங்கம் ஒருநாளும் உத்தரவு போட்டதில்லை.

என் பெயர் தில்லைக்கரசி. வடகரைக் குடியரசின் பாலத்து விழாவுக்கு நான்தான் இயக்குநர். ஆற்றின் நடுவே கோடு கிழித்து நாட்டை இரண்டாக்கிய வருடத்திலிருந்து, தினமும் பொழுது சாயும் நேரத்தில் பாலத்தின் இரு முனைகளிலும் கொடி இறக்குகிறோம். இந்த முனையில் நாங்கள், அந்த முனையில் தென்கரைக்காரர்கள். இரண்டு பக்கமும் இரும்பு வாசல், வாசலுக்குப் பின்னால் படிப்படியாக உயரும் பெஞ்சுகள். சிப்பாய்கள் பூட்ஸ் காலைத் தலை உயரத்துக்குத் தூக்கித் தரையில் அறைவார்கள். ஒரே மொழி பேசி, ஒரே மாதிரி மீன் குழம்பு வைக்கிற இரண்டு கூட்டங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று கத்தும். சுண்டல் பொட்டலத்தோடு வருகிறவர்கள் நாட்டுப்பற்றோடு வீடு திரும்புவார்கள்.

இதில் முக்கால்வாசி வேலை நாடிப்பெட்டியுடையது. பெஞ்சுப் பலகைக்குள் மெல்லிய பட்டைகள் உண்டு. உட்கார்ந்திருப்பவரின் இதயத் துடிப்பை அவை என் அறையிலிருக்கும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதற்கேற்ப முரசின் வேகத்தையும் விளக்கையும் திரையில் ஓடும் படத்தையும் மாற்றும். முதலில் முரசு கூட்டத்தின் பின்னால் போகும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் முரசின் பின்னால் போக ஆரம்பித்துவிடும். எல்லா இதயங்களும் ஒரே தாளத்துக்கு வரும்போது என் முன்னால் இருக்கும் முள் சிவப்புக் கட்டத்தைத் தொடும். அந்த நேரத்தில் அந்தக் கூட்டம் எதைச் சொன்னாலும் செய்யும். நாங்கள் இதுவரை 'வாழ்க' சொல்லச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டிருந்தோம்.

தென்கரையிலும் இதே பெட்டிதான். விற்றவனுக்கு எந்தக் கரையாக இருந்தால் என்ன?

என் மகன் இளவழுதி வாசல் படையின் முதல் ஆள். அவனுடைய கால்தான் எல்லார் காலையும்விட உயரப் போகும். பிரிவினையின்போது அவன் சின்னப் பையன். என் ஒத்திகைகளின் நடுவே, முரசுகளுக்கு அடியில் தூங்கி வளர்ந்தவன். இப்போது தினமும் மாலையில் பத்தாயிரம் பேரின் பார்வை குவிகிற இடத்தில் நிற்கிறான். அவனுக்கு அதில் இருக்கிற போதை எனக்குத் தெரியும். போன வாரம் ஏதோ சிறப்புப் பயிற்சி என்று போய், இடுப்பில் கன்றிப்போய் வந்தான். தைலம் தேய்த்துவிட்டேன். என்ன பயிற்சி என்று கேட்டதற்கு, சொல்லக்கூடாது என்றான். பெருமையாக இருந்தது, அவனுக்கும் எனக்கும்.

பிரிவினையின் ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் மதியம் என் அறைக்கு இரண்டு படங்கள் வந்தன.

எங்கள் விழாத்துறையில் ஒரு விதி உண்டு. எந்தப் படமானாலும் முரசோடு அதன் சத்தம் பொருந்துகிறதா என்று நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியே போகும். விதியை எழுதிக் கொடுத்ததே நான்தான். முதல் படம் ஆண்டு விழாவில் காட்டவேண்டியது: கோடு கிழித்தது, துரோகம், படகுகளில் வந்து இறங்கிய குடும்பங்கள். இரண்டாவதன் மேல், 'விழாவுக்கு மறுநாள் காலை, எல்லா ஊர்களுக்கும்' என்று எழுதியிருந்தது. அனுப்பியவன் விதிக்குக் கட்டுப்பட்ட புண்ணியவான். உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கு அனுப்புகிறோம் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

நான் போட்டுப் பார்த்தேன்.

மாலை நேரம். எங்கள் வாசல் திறந்திருக்கிறது. கூட்டம் பாலத்தில் ஓடுகிறது. எல்லாருக்கும் முன்னால், கையில் கொடியோடு என் மகன். ஒரு வெடிச் சத்தம். அவன் விழுகிறான். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு தோள். கை முன்னால் நீளவில்லை. மேடையில் அடிபடாமல் விழுவதற்கு ஆறு வயதில் நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முறை அது. தினமும் அவனைப் படம் பிடிக்கிற கேமராக்களிலிருந்து உருவி எடுத்து, கணினிப் பெட்டியில் இதைக்கூட உருவாக்கிவிட்டார்களே என்று நினைத்தேன். கொடி அவன் மேல் விழுகிறது. 'அமைதியாகச் சென்ற மக்களைச் சுட்டார்கள்' என்கிறது ஒரு கம்பீரமான குரல். கடைசியில் ஒரு தாய் அழுகிறாள். நடிகைதான். என்னைவிட ஒல்லி. நன்றாகவே அழுதாள்.

இன்னும் சாகாத என் பிள்ளையின் சாவுக்குச் சத்தம் சரிபார்க்கச் சொல்லி எனக்கே அனுப்பியிருந்தார்கள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு விழாத்துறைச் செயலாளர் நாகமாணிக்கத்தைப் பார்க்கப் போனேன்.

நாகமாணிக்கம் இனிமையான மனிதர். யாருக்கும் நாற்காலி போடாமல் பேசமாட்டார்.

"சார், நாளைக்கு முள் சிவப்பைத் தொட்டதும் வாசலைத் திறக்கணும்னு புதுசா ஒரு குறிப்பு வந்திருக்கு. எதுக்கு?"

"மக்கள் எழுச்சி மேடம். நாம திறக்கிறது வெறும் கதவுதான். மத்தத அவங்க மனசு பாத்துக்கும்."

"அந்தப் பக்கத்துலேருந்து சுட்டா?"

"சுட்டா உலகம் பாக்கும்." அவர் குரலில் துளியும் வன்மம் இல்லை. மழை வந்தால் குடை பிடிப்போம் என்பதுபோலச் சொன்னார். "பத்து மீட்டிங்ல சாதிக்க முடியாதத ஒரு சாயங்காலத்துல சாதிக்கலாம். உங்க கைவண்ணம்தான் மேடம் எல்லாம்."

மகனுக்கு லீவு வாங்கி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அனுப்பினால் அவன் இடத்தில் இன்னொருத்தி பிள்ளை நிற்பான். படத்தில் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அதோடு, வழுதி போகவும் மாட்டான். நடிகனை மாற்றினால் நாடகம் நிற்காது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு நாகமாணிக்கத்துக்குத் தெரியாது.

"ஒரு யோசனை சார். நாளைக்குப் படத்த நம்ம வாசல்கிட்ட காட்டாம, பாலத்து நடுவுல பெரிய வெள்ளைத் துணி கட்டிக் காட்டினா என்ன? மெல்லிசுத் துணி. படம் பின்பக்கமும் தெரியும். நம்ம படத்த அவனுங்களும் பாத்துத்தான் ஆகணும்."

அவர் கண் பளிச்சென்றது. "அவங்களுக்கு இடது வலது மாறித் தெரியுமே?"

"துரோகிக்கு அப்படித்தான் தெரியும் சார்."

நாகமாணிக்கம் மேசையைத் தட்டிச் சிரித்தார். துணிக்கு உடனே அனுமதி கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் ஒத்திகை. பொதுமக்களுக்குத் தெரியாத சமாச்சாரம் இது. தினமும் காலையில் இரண்டு கரைச் சிப்பாய்களும் பாலத்து நடுவில் சேர்ந்துதான் பயிற்சி எடுப்பார்கள். இந்தப் பக்கத்துக் காலும் அந்தப் பக்கத்துக் காலும் ஒரே உயரம் போகாவிட்டால் டிவியில் அசிங்கமாகத் தெரியும். முறைப்பதுகூட இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தொடங்கவேண்டும். எங்கள் செலவில் டீ, அவர்கள் செலவில் பன். முடிந்ததும் கை குலுக்கிவிட்டு, மாலையில் ஒருவரை ஒருவர் பல்லைக் கடித்துப் பார்ப்பார்கள்.

தென்கரை விழாவின் இயக்குநர் ஆரோக்கியதாஸ். பிரிவினைக்கு முன் நாங்கள் ஒரே நாடகக் கம்பெனி. இரணியன் கதையில் நரசிம்ம வேடம் அவருடையது. காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கிவிட்டு, மாலையில் பிடரி மயிர் கட்டிக்கொள்வார். அப்போது யாரும் அதை விசேஷமாகப் பேசியதில்லை. இப்போது சொன்னால் இரண்டு கரையிலும் நம்பமாட்டார்கள்.

டீக் கோப்பையோடு நாங்கள் இருவரும் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுங்கினோம். கொஞ்சம் தள்ளி என் மகன் தென்கரைச் சிப்பாய் ஒருவனுக்குக் கால் தூக்கும் கோணத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தாஸண்ணே, இன்னைக்கு உங்க பக்கம் என்ன உத்தரவு?"

"கேக்கக்கூடாதத கேக்குற அரசி."

"எங்க வாசல் தெறக்கப் போகுது. எங்க ஜனம் ஓடி வரப்போகுது. முன்னாடி வழுதி வர்றான். அவன் செத்ததா படமும் ரெடி."

அவர் டீயை ஊதுவதை நிறுத்தினார். வழுதியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வேடத்தோடு திரிந்தவர்தான்.

"வாசல் தாண்டி யாரு வந்தாலும் சுடணும்னு உத்தரவு," என்றார். "நாங்களும் படம் எடுத்து வச்சிருக்கோம். உங்க படத்துல செத்தவன் ஹீரோவா? எங்க படத்துல சுட்டவன் ஹீரோ."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் கதை எழுதியிருக்காங்க."

"சேந்து எழுத வேண்டியதில்ல. ஒருத்தன் பாதி எழுதினா மறுபாதி தானா வந்துரும்."

"அண்ணே, நரசிம்மம் கட்டறப்ப உங்களுக்கு சாமி வந்து, இடுப்பப் பிடிச்சிருந்த ரெண்டு ஆளையும் உதறிட்டு இரணியன் மேல பாயப் போவீங்களே. அப்ப நான் என்ன செய்வேன்?"

அவருக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. எங்கள் கம்பெனி வழக்கம் அது. நானும் இன்னொருத்தியும் திரைத்துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் ஓடுவோம். திரைக்குப் பின்னால் இரணியனை இறக்கிக் கூட்டிப் போய்விடுவார்கள். எதிரில் ஆள் இல்லையென்றதும் தாஸண்ணன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பார். பிறகு தண்ணீர் கேட்பார். சாமி மலையேறிவிடும்.

"அன்னைக்கு நான் ஒரு ஆளு. இது இருபதாயிரம் பேரு," என்றார்.

"போன வருஷம் புயலுக்கு உங்க பக்கம் விழாவ ரத்து பண்ணீங்க. எங்க பக்கம் பெஞ்சு நெறைய ஆளு. முரசு, படம், பேச்சு எல்லாம் இருந்துச்சு. முள்ளு பாதிகூட ஏறல அண்ணே."

தாஸண்ணன் பன்னைப் பிய்த்தவர் அப்படியே நின்றார். "உங்க கொடிக்கம்பம் ரிப்பேரான அன்னைக்கு எங்காளுங்க கொட்டாவி விட்டாங்க. நான் பெட்டி மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன்."

"பெட்டி சரியாத்தான் இருக்கு. எங்க கூட்டத்த ஒண்ணாக்கறது எங்க முரசு இல்ல, உங்க பூட்ஸ் சத்தம். உங்களுக்கு எங்களது. எதுக்க ஆளு இல்லைன்னா அவங்கவங்க அவங்கவங்க வேலையத்தான் நெனைக்கிறாங்க."

"மேல சுருட்டிக் கட்டியிருக்கியே, அந்தத் திரைய நீ எறக்குவ. சத்தம்?"

"அது உங்க கையில இருக்கு. முள் சிவப்பத் தொட்டதும் நான் துணிய எறக்குவேன், படம் போடமாட்டேன். துணி எறங்கினதும் நீங்க முரசையும் பசங்க காலையும் நிறுத்தணும். நாங்களும் அப்படியே."

"நிறுத்தினா என்னை வேலையவிட்டுத் தூக்கிருவாங்க."

"என்னை மட்டும் மாலை போட்டு வச்சிருப்பாங்களாக்கும்."

அவர் சிரித்தார். "அப்ப மறுபடியும் கம்பெனி ஆரம்பிச்சுரலாம்."

"பாலத்துக்கு எந்தப் பக்கம்?" என்றேன். அவர் மீதிப் பன்னை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை கூட்டம் நெரிந்தது. நாகமாணிக்கம் என் அறையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். கொடி இறங்கியது. பூட்ஸ் கால்கள் எழுந்து விழுந்தன. இந்தப் பக்கம் ஒரு சத்தம், அந்தப் பக்கம் ஒரு சத்தம். முள் ஏறத் தொடங்கியது. பாலத்து நடுவே துணி இன்னும் சுருட்டியபடி மேலே கட்டியிருந்தது; வாசல் திறக்கும்போது இறக்கிப் படம் காட்டுவதாக ஏற்பாடு. ஜனங்கள் எதிர்க்கரையைப் பார்த்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். கைக்குழந்தைகூட முரசின் தாளத்துக்கு அழுதது. நான் எத்தனையோ விழா நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு ஒற்றுமையைப் பார்த்ததில்லை. என் தொழில்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது, பயமும் வந்தது.

முள் சிவப்பைத் தொட்டது.

"வாசல்," என்றார் நாகமாணிக்கம்.

வாசல் திறந்தது. நான் துணியை இறக்கினேன்.

பாலத்தின் குறுக்கே வெள்ளையாக அது விழுந்து விரிந்தது. அந்தப் பக்கம் முழுவதும் மறைந்தது. நான் படத்தைப் போடவில்லை. முரசை நிறுத்தினேன். வெறும் விளக்கொளி மட்டும் துணிமேல் விழுந்தது. எதிர்க்கரையில் அடுத்த பூட்ஸ் சத்தம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. தாஸண்ணன் வாக்குத் தவறாதவர்.

பத்தாயிரம் பேர் பாதி எழுந்த நிலையில் இருந்தார்கள். ஓடுவதற்குக் காலெடுத்த முதல் வரிசைக்காரர்கள் துணியைப் பார்த்தார்கள். யார் மேல் பாய்வது என்று தெரியவில்லை. முள் நடுங்கியது. பிறகு இறங்கியது. முதலில் மெதுவாக, அப்புறம் மளமளவென்று. ஒரு பெண் செருப்பைத் தேடினாள். "கடைசி பஸ் போயிரும்டா," என்றது ஒரு குரல். யாரோ சுண்டல் பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு நாடு என் கண்ணெதிரே பத்தாயிரம் ஆட்களாக உதிர்ந்தது. எவ்வளவு அழகாக இருந்தார்கள் தெரியுமா!

ஒருவன் மட்டும் ஓடினான். கொடியோடு, நேராக, படத்தில் ஓடிய மாதிரியே. துணிக்கு ஓரடி முன்னால் போய் நின்றான். அவனுடைய நிழல் அதில் பெரிதாக விழுந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை. துணிக்கு அந்தப் பக்கமும் ஓசை இல்லை. என் உயிர் என்னிடம் இல்லை. அவன் அங்கேயே நின்றான், நின்றான். பிறகு கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அணிவகுப்பு நடையில் திரும்பி வந்து, தானே வாசலை இழுத்துச் சாத்தினான்.

"பெட்டி பழுதா?" நாகமாணிக்கத்தின் முகம் வெளுத்திருந்தது.

"பெட்டி நல்லா இருக்கு சார். எதிரிதான் பழுது."

மறுநாள் காலைச் செய்தித்தாள்களில், வாசல் திறந்தும் அத்துமீறாத வடகரை மக்களின் கட்டுப்பாட்டை அரசு பாராட்டியிருந்தது. தென்கரைப் பத்திரிகைகளில் தென்கரை மக்களின் கட்டுப்பாடு பாராட்டப்பட்டிருந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். எனக்கு உரக் கண்காட்சிக்கு மாற்றல் வந்தது. தாஸண்ணனுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. காலை ஒத்திகைக்கு என்னை இனி விடமாட்டார்கள்.

அன்று காலை செய்தித்தாளை மடிக்கும்போது வழுதி வந்தான். பூட்ஸைக் கையில் பிடித்திருந்தான். சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தூங்கியிருக்கவில்லை.

"துணிய எறக்கினது நீதானம்மா?"

"ஆமா."

"ஏன்?"

"உன் படத்தப் பாத்தேன்டா. சத்தம் சரிபாக்க எனக்கே அனுப்பிட்டாங்க. நீ செத்துப்போற படம்."

அதிர்ச்சியில் எழுந்து கத்துவான், என்ன படம் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையைத் தூக்காமல் பூட்ஸின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"நான் விழுந்தது எப்படிம்மா இருந்துச்சு?"

முழங்கால், இடுப்பு, தோள். இடுப்பில் கன்றியிருந்த இடத்தில் தைலம் தேய்த்தது என் உள்ளங்கை. எந்தப் பெட்டியும் அதை உருவாக்கவில்லை. என் பிள்ளை கேமரா முன்னால் நின்று, விழுந்து, சரியில்லை என்றதும் மறுபடி விழுந்து, தன் சாவைத் தானே நடித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"தெரிஞ்சேவா போன?"

"யாரு முன்னாடி போறதுன்னு கேட்டாங்க. நான் கையத் தூக்கினேன்." சுற்றிய கயிற்றை அவிழ்த்தான். "ஒரு நாடே ஒரே நேரத்துல நம்மள நெனச்சு அழுதா எப்படி இருக்கும்னு இருந்துச்சும்மா. ஆனா நேத்து அந்தத் துணி முன்னாடி... எதுக்க யாரும் இல்ல, பின்னாடியும் யாரும் இல்ல. எதுக்கு ஓடி வந்தேன்னே தெரியல."

ஓங்கி ஒரு அறை விடத்தான் கை எழுந்தது. இறக்கிக்கொண்டேன். நடிகன் கேட்ட கேள்விக்கு இயக்குநர் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

"விழுந்தது சுத்தமா இருந்துச்சு. கை முன்னாடி போகல. ஆனா படம் முழுசா இல்ல."

"என்ன இல்ல?"

"நம்ம கம்பெனியில ஆட்டம் முடிஞ்சதும் யாரு முதல்ல வந்து கும்பிடுவா?"

அவன் யோசித்தான். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து பார்த்ததுதான். பிடரி மயிரைக் கழற்றிய நரசிம்மம் ஓரமாக ஒதுங்கி நிற்க, குடல் உருவப்பட்ட இரணியன் எழுந்து வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு சபைக்கு வணக்கம் சொல்வான். பயந்த குழந்தைகளெல்லாம் அப்போதுதான் சிரிக்கும்.

"செத்தவன்," என்றான்.

"அத அவங்க எடுக்கல. அது இல்லாம ஆட்டம் முடிஞ்சதா கணக்கில்ல. எந்திரி."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பூட்ஸைக் கீழே வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கன்றிய இடுப்பு வலிக்க மெல்ல எழுந்து நின்றான். கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டான்.

நான் கைதட்டினேன். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அதைக்கூடக் கவனிக்காமல், "போதும்மா," என்று அவன் அழுதுகொண்டே சொல்லும்வரை தட்டினேன்.